கடனில் வாங்கிய அணி: டாட்ஜர்ஸ் ஏன் திவாலானது?

2011 ஜூன் 27 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணி, டெலவேர் மாநிலத்தில் உள்ள திவால் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரி மனுத் தாக்கல் செய்தது. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற பட்டியலும் அந்த மனுவுடன் இணைக்கப்பட்டிருந்தது. அதன் முதலிடத்தில் மேனி ராமிரெஸ் என்ற ஆட்டக்காரர் இருந்தார். அவருக்கு வர வேண்டியது ஏறத்தாழ 2.1 கோடி டாலர். அடுத்து, 2008ஆம் ஆண்டில் ஒரே ஒரு பருவம் மட்டும் அந்த அணிக்காக மிக மோசமாக ஆடிவிட்டுப் போன ஆண்ட்ரூ ஜோன்ஸுக்கு 1.11 கோடி டாலர். இருவருமே அப்போது அணியில் இல்லை. அன்றைய செலவைக் குறைப்பதற்காக அவர்களுடைய சம்பளத்தின் ஒரு பகுதியைப் பின்னால் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்தார்கள், அந்தப் பாக்கிதான் இப்போது நீதிமன்றத்துக்கு வந்தது. பட்டியலில் கீழே, 1950 முதல் அந்த அணியின் ஆட்டங்களை வர்ணனை செய்துவந்த வின் ஸ்கல்லியின் பெயரும் 1,52,778 டாலர் பாக்கியுடன் இருந்தது. மூன்று தலைமுறை ரசிகர்களுக்கு டாட்ஜர்ஸ் என்றாலே அவர் குரல்தான். அவருக்கே கடன் வைத்த அணி என்பது அந்த நகர மக்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இந்த மனு வந்து ஒன்பது மாதங்களுக்குள், 2012 மார்ச்சில், அதே அணியை 215 கோடி டாலருக்கு வாங்க ஒரு குழு முன்வந்தது. அதுவரை உலகில் எந்த விளையாட்டு அணிக்கும் யாரும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை. சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாத ஓர் அணி எப்படி உலகிலேயே அதிக விலைக்குப் போக முடியும் என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் உரிமை என்பது என்ன, நிதி முறைகேடு எப்படி நடக்கிறது, அதை யார் எப்படித் தடுக்க முடியும் என்ற மூன்றும் ஒருசேரப் புரிந்துவிடும்.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஓர் அணியின் மதிப்பு வேறு, அதன் கையிருப்பு வேறு. மேஜர் லீக் பேஸ்பால் என்ற உச்ச நிலை லீக்கில் 30 அணிகள்தான் உள்ளன. மற்ற உரிமையாளர்கள் சம்மதிக்காமல் முப்பத்தோராவது அணியை யாராலும் தொடங்க முடியாது. லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற பெருநகரத்தில் ஆடும் உரிமை அந்த முப்பதிலும் அரிதானது. ஆகவே அணியை எவ்வளவு மோசமாக நடத்தினாலும் அதன் சந்தை மதிப்பு ஏறிக்கொண்டே போகும். ஆனால் அந்த மதிப்பைக் கொண்டு மாதச் சம்பளம் கொடுக்க முடியாது. அதற்கு நுழைவுச்சீட்டு விற்பனை, வாகன நிறுத்தக் கட்டணம், உணவு விற்பனை, விளம்பரம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமை ஆகியவற்றிலிருந்து பணம் வர வேண்டும். மதிப்பு ஏறுகிறது என்ற ஒரே காரணத்தைக் காட்டி மேலும் மேலும் கடன் வாங்கி, வருமானம் முழுவதும் வட்டிக்கும் உரிமையாளரின் சொந்தச் செலவுக்கும் போய்விடும் நிலை வந்தால், பல நூறு கோடி பெறுமானமுள்ள அணியும் ஒரு மாதச் சம்பளத்துக்குத் தடுமாறும். டாட்ஜர்ஸுக்கு நடந்தது அதுதான்.

பிராங்க் மெக்கோர்ட் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த நிலவணிகர். தம் சொந்த ஊரின் ரெட் சாக்ஸ் அணியை வாங்க முயன்று தோற்ற பிறகு, 2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஃபாக்ஸ் தொலைக்காட்சியை நடத்திய நியூஸ் கார்ப் நிறுவனத்திடமிருந்து டாட்ஜர்ஸை ஏறத்தாழ 43 கோடி டாலருக்கு வாங்கினார். புரூக்ளினில் பிறந்து, 1947இல் ஜாக்கி ராபின்சனைக் களத்தில் இறக்கி நிறவெறித் தடையை உடைத்து, 1958இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்த அணி அது. அந்த விலையில் பெரும்பகுதி கடன். விற்ற நிறுவனமே வாங்குபவருக்குக் கடன் கொடுத்தது. அதற்கு ஈடாக பாஸ்டன் துறைமுகப் பகுதியில் மெக்கோர்ட்டுக்கு இருந்த வாகன நிறுத்த நிலம் அடமானம் வைக்கப்பட்டது, பின்னாளில் அந்த நிலம் கடனுக்கே கைமாறியும் போனது. கடனில் அணி வாங்குவது குற்றமல்ல. லீக்கும் இந்த விற்பனைக்கு ஒப்புதல் அளித்தது. என் பார்வையில் முதல் பிழை அங்கேதான் நிகழ்ந்தது. நியூஸ் கார்ப் அந்த அணியைக் கைகழுவ விரும்பியது, லீக் ஒரு பெரிய ஒளிபரப்பு நிறுவனத்தின் மனம் கோணாமல் நடக்க விரும்பியது, வாங்குபவரின் கையில் ரொக்கம் எவ்வளவு என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

வாங்கிய பிறகு மெக்கோர்ட் செய்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முறைகேட்டின் இயங்குமுறை அதில்தான் உள்ளது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு டாட்ஜர்ஸ் என்பது ஓர் அணி, ஒரு மைதானம், அதைச் சுற்றி 16,000 வாகனங்கள் நிற்கக்கூடிய பரந்த நிலம், அவ்வளவுதான். சட்டத்தின் பார்வையிலோ அது பல நிறுவனங்களாகக் கூறுபோடப்பட்டது. அணி ஒரு நிறுவனத்திடமும், மைதானம் இன்னொன்றிடமும், வாகன நிறுத்த நிலம் வேறொன்றிடமும், நுழைவுச்சீட்டு வருமானம் மற்றொன்றிடமும் இருந்தன. எல்லாவற்றின் உச்சியிலும் இருந்தவர் அதே மெக்கோர்ட். இப்படிப் பிரிப்பதால் இரண்டு வசதிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரிலும் தனித்தனியாகக் கடன் வாங்கலாம். நுழைவுச்சீட்டு நிறுவனம் வருங்காலச் சீட்டு விற்பனையை ஈடாகக் காட்டிக் கடன் திரட்டியது. அத்துடன், தன் சொந்த மைதானத்தின் வாசலில் உள்ள நிலத்துக்கு அணியே வாடகை செலுத்தும். அந்த வாடகை உரிமையாளரின் மற்றொரு சட்டைப்பைக்குப் போய்ச் சேரும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் முறையான ஒப்பந்தமே. மொத்தமாகச் சேர்த்துப் பார்க்கும்போதுதான், ரசிகர் ஒருவர் வண்டி நிறுத்தக் கொடுக்கும் பணம் ஆட்டக்காரருக்கோ மைதானப் பராமரிப்புக்கோ போகாமல் பழைய கடனின் வட்டிக்குப் போவது தெரியவருகிறது.

இந்தக் கணக்குகள் எவையும் வெளியுலகுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்க பேஸ்பால் அணிகளில் மிகப் பெரும்பாலானவை தனியார் சொத்துகள். பங்குச்சந்தை நிறுவனங்களைப்போல அவை ஆண்டறிக்கை வெளியிடுவதில்லை. டாட்ஜர்ஸின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்தது ஒரு மணவிலக்கு வழக்கு.

பிராங்க்கும் ஜேமி மெக்கோர்ட்டும் 1979இல் மணம் புரிந்தவர்கள். ஜேமி சட்டம் படித்தவர். அணி நிர்வாகத்தில் படிப்படியாக உயர்ந்து 2009இல் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அதே ஆண்டு அக்டோபரில், அணி லீக் இறுதிச்சுற்றில் ஆடத் தொடங்கும் வேளையில், இருவரும் பிரிந்து வாழ்வதாகச் செய்தி வந்தது. சில நாள்களில் பிராங்க் தம் மனைவியைப் பதவியிலிருந்து நீக்கினார். ஜேமி மணவிலக்குக் கோரி வழக்குத் தொடுத்தார். தம்முடைய பதவியை மீட்கவும் வாழ்க்கைச் செலவுக்கான தொகையைப் பெறவும் அவர் தரப்பு தாக்கல் செய்த ஆவணங்கள் வழியாகத்தான், 2004 முதல் 2009 வரை இந்த இணையர் அணி சார்ந்த நிறுவனங்களிலிருந்து எடுத்த தொகை 10.8 கோடி டாலர் என்பது வெளியானது. லாஸ் ஏஞ்சலிஸின் ஹோம்பி ஹில்ஸ் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு மாளிகைகள், மாலிபு கடற்கரையில் மீண்டும் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் என்று சொத்துகள் குவிந்திருந்தன. முழுநேரமும் வேறு இடங்களில் படித்துக்கொண்டும் பணியாற்றிக்கொண்டும் இருந்த மகன்களுக்கு அணியின் கணக்கில் சம்பளம் போனது. இத்தனைக்கும் நடுவில் நுழைவுச்சீட்டு விலையும் வாகன நிறுத்தக் கட்டணமும் உயர்ந்துகொண்டே வந்தன.

இனி உரிமைத் தகராறுக்கு வருவோம். கலிபோர்னியா சட்டப்படி, திருமண வாழ்வின்போது ஈட்டிய சொத்து கணவன் மனைவி இருவருக்கும் சமமாகச் சொந்தம். அப்படியானால் அணியில் பாதி ஜேமியுடையது. பிராங்க் அதை மறுத்து ஓர் ஒப்பந்தத்தைக் காட்டினார். 2004இல், தொழிலில் நட்டம் வந்தால் கடன் கொடுத்தவர்கள் வீடுகளில் கைவைக்கக் கூடாது என்பதற்காக, வீடுகள் மனைவிக்கு, தொழில்கள் கணவனுக்கு என்று இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அது. ஆறு பிரதிகளில் கையொப்பம் இட்டிருந்தார்கள். அவற்றை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மூன்று பிரதிகளின் இணைப்பில் டாட்ஜர்ஸ் பிராங்க்கின் தனிச்சொத்தில் அடங்கும் என்றும், மற்ற மூன்றில் அடங்காது என்றும் இருந்தது! வழக்கறிஞர் ஒருவர் அந்த இணைப்பில் பிழை இருப்பதாகக் கருதி, கையொப்பம் முடிந்த பிறகு, இருவருக்கும் தெரிவிக்காமலேயே பக்கத்தை மாற்றிவைத்திருந்தார். பல நூறு கோடி டாலர் சொத்தின் உரிமை ஒரு தாளில் இருந்த ஒற்றைச் சொல்லில் வந்து நின்றது. 2010 டிசம்பரில் நீதிபதி ஸ்காட் கார்டன் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

இந்தத் தீர்ப்பின் விளைவு குடும்பத்தோடு நிற்கவில்லை. அணிக்கு முழு உரிமையாளர் யார் என்று உறுதியாகத் தெரியாதபோது வங்கிகள் தயங்கும், நீண்டகால ஒப்பந்தங்களில் கையெழுத்திட மற்றவர்கள் அஞ்சுவார்கள், நல்ல ஆட்டக்காரர்களை எடுக்கும் முடிவுகள் தள்ளிப்போகும். 2011 மார்ச் 31 அன்று, பருவத்தின் முதல் ஆட்டம் முடிந்தபின், எதிரணியான சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் ரசிகர் ஒருவர் டாட்ஜர் மைதானத்தின் வாகன நிறுத்தத்தில் தாக்கப்பட்டு மூளையில் நிரந்தரப் பாதிப்புக்கு ஆளானார். பாதுகாப்பு ஏற்பாட்டில் அணி அலட்சியம் காட்டியதாகப் பின்னாளில் நீதிமன்றத்தில் ஜூரி எனப்படும் நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது. நிதி முறைகேடு என்றால் காகிதத்தில் நடக்கும் விஷயம் என்று நினைக்கிறோம். இருட்டிய வாகன நிறுத்தத்தில் விளக்கும் காவலரும் போதுமான அளவு இருந்தனவா என்பதும் அந்தக் காகிதக் கணக்கோடு தொடர்புடையதே. அந்த ஆண்டு மைதானத்துக்கு வந்த ரசிகர்களின் எண்ணிக்கை 30 லட்சத்துக்குக் கீழே சரிந்தது. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் அப்படி நடந்ததே இல்லை. கிளேட்டன் கெர்ஷா என்ற இளம் பந்துவீச்சாளர் லீக்கின் சிறந்த பந்துவீச்சாளர் விருதை வென்ற ஆண்டு அது என்பதை நினைத்தால் இழப்பு இன்னும் கனமாகத் தெரிகிறது.

அணி தனியார் சொத்து என்றால், அதைக் கெடுக்கும் உரிமையும் உரிமையாளருக்கு உண்டல்லவா என்று கேட்கலாம். பேஸ்பாலில் இல்லை. ஒரு டாட்ஜர்ஸ் ஆட்டத்துக்கு எதிரணி ஒன்று தேவை. முப்பது அணிகளும் ஒன்றை ஒன்று நம்பித்தான் தொழில் செய்கின்றன. 1919இல், உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியில் பணம் வாங்கிக்கொண்டு தோற்ற ஆட்டக்காரர்களின் ஊழல் வெளியானபோது, உரிமையாளர்கள் தம் பெயரைக் காப்பாற்றக் கெனசா மவுண்டன் லாண்டிஸ் என்ற நீதிபதியை ஆணையராக அமர்த்தி, பேஸ்பாலின் நலனுக்கு எதிரானது என்று அவர் கருதும் எதையும் தடுக்கும் அதிகாரத்தை அவரிடம் கொடுத்தார்கள். அவருக்குப் பின் வந்த ஆணையர்களுக்கும் அந்த அதிகாரம் தொடர்கிறது. 1976இல் ஓக்லண்ட் அணியின் உரிமையாளர் சார்லி ஃபின்லி தம் மூன்று முன்னணி ஆட்டக்காரர்களை மொத்தம் 35 லட்சம் டாலருக்கு விற்க முயன்றபோது, ஆணையர் போவி கியூன் அந்த விற்பனையை ரத்து செய்தார்; ஃபின்லி தொடுத்த வழக்கில் நீதிமன்றங்கள் ஆணையர் பக்கமே நின்றன. அணியை விற்பதற்கு மற்ற உரிமையாளர்களில் நான்கில் மூன்று பங்கினரின் ஒப்புதல் வேண்டும், கடன் அணியின் வருவாய்க்கு உரிய வரம்பைத் தாண்டக் கூடாது, லீக்கின் முடிவை எதிர்த்து வழக்குத் தொடுக்கக் கூடாது என்பன போன்ற கட்டுப்பாடுகளை அணி வாங்கும் ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்தே உள்ளே வருகிறார்கள்.

2011 ஏப்ரலில் மெக்கோர்ட் தம் பெயரில் ஃபாக்ஸ் நிறுவனத்திடம் 3 கோடி டாலர் கடன் வாங்கித்தான் அணியின் சம்பளத்தைக் கொடுத்தார் என்ற செய்தி வந்தது. ஏப்ரல் 20 அன்று ஆணையர் பட் சீலிக் தலையிட்டார். அணியின் அன்றாட நடவடிக்கைகளைக் கண்காணிக்க டாம் ஷீஃபர் என்பவரை நியமித்தார். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியின் தலைவராகவும் ஜப்பானுக்கான தூதராகவும் இருந்தவர் அவர். இனி மெக்கோர்ட்டின் ஒரே நம்பிக்கை தொலைக்காட்சி ஒப்பந்தம். ஃபாக்ஸுடன் 17 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்பில் அவர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார், அதில் 38.5 கோடி டாலர் உடனடி முன்பணம். அந்த முன்பணத்தில் ஏறக்குறைய பாதி, மணவிலக்குத் தீர்வு உட்பட மெக்கோர்ட்டின் சொந்தத் தேவைகளுக்குப் போகும் என்பதே சிக்கல். வயலில் நிற்கும் பச்சைப் பயிரை, கதிர் முற்றும் முன்பே கிடைத்த விலைக்கு விற்றுப் பழைய கடனை அடைக்கும் குடும்பத்தின் நிலைதான் இது. அடுத்து அந்த வயலுக்கு வருபவருக்கு அறுவடை செய்ய எதுவும் இருக்காது. ஜூன் 20 அன்று சீலிக் அந்த உடன்படிக்கையை நிராகரித்தார். ஒரு வாரத்தில் மெக்கோர்ட் திவால் நீதிமன்றத்துக்குப் போனார்.

இங்கே திவால் மனு என்பதை அணியை மூடுவது என்று புரிந்துகொள்ளக் கூடாது. அமெரிக்கச் சட்டத்தின் பதினோராம் அத்தியாயத்தின் கீழ் மனுச் செய்யும் நிறுவனம் தொடர்ந்து இயங்கும். கடன் கொடுத்தவர்கள் உடனே சொத்தைப் பறிக்க முடியாது. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் கடனைச் சீரமைக்கக் கால அவகாசம் கிடைக்கும். லீக் தம் அணியைப் பறித்துக்கொள்வதைத் தடுக்க ஒரு கேடயமாகவே மெக்கோர்ட் இதைப் பயன்படுத்தினார். ஆனால் நீதிபதி கெவின் கிராஸ் அவருக்கு வளைந்து கொடுக்கவில்லை. மெக்கோர்ட் ஒரு முதலீட்டு நிதியத்திடம் அதிக வட்டிக்கு 15 கோடி டாலர் இடைக்காலக் கடன் ஏற்பாடு செய்திருந்தார். லீக்கோ அதே தொகையைக் குறைந்த வட்டிக்குத் தர முன்வந்தது. லீக்கின் கடனை மெக்கோர்ட் மறுப்பதில் அவருடைய சொந்த நலன் கலந்திருக்கிறது என்று சுட்டிக்காட்டி, அவருடைய ஏற்பாட்டை நீதிபதி ஏற்க மறுத்தார். பிறகு லீக் நீதிமன்றத்தில், மெக்கோர்ட் அணியிலிருந்து 18.9 கோடி டாலரைச் சூறையாடினார் என்றே குற்றம் சாட்டியது. மெக்கோர்ட் அதை மறுத்தார். எல்லாம் சட்டப்படியே நடந்தன என்பதே கடைசிவரை அவர் நிலை. அக்டோபரில் ஜேமியுடன் ஏறத்தாழ 13.1 கோடி டாலருக்குத் தீர்வு ஏற்பட்டது. அவர் அணியின் மீதான உரிமையைக் கைவிட்டார். நவம்பர் 1 அன்று அணியை விற்க மெக்கோர்ட் ஒப்புக்கொண்டார்.

வாங்கியது குகன்ஹைம் முதலீட்டு நிறுவனத்தின் மார்க் வால்டர் தலைமையிலான குழு; கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் அதன் முகமாக இருந்தார். 215 கோடி டாலருக்குக் காரணம் எளிது: பச்சைப் பயிர் விற்கப்படாமல் இருந்தது. புதிய உரிமையாளர்கள் 2013இல் டைம் வார்னர் கேபிளுடன் 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். ஆண்டுக்கு என்று வகுத்துப் பார்த்தால், சீலிக் நிராகரித்த ஒப்பந்தத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆணையர் போட்ட அந்தத் தடையால் அதிகம் லாபம் அடைந்தவர் மெக்கோர்ட்தான் என்பது இந்தக் கதையில் என்னால் எளிதில் ஏற்க முடியாத பகுதி. எல்லாக் கடனும் அடைந்த பிறகும் அவருக்குப் பெருந்தொகை மிஞ்சியது. 2016இல் அவர் பிரான்சின் மார்சேய் கால்பந்து அணியை வாங்கினார். விற்பனை விலையைப் பார்த்த ஜேமி, அணியின் உண்மை மதிப்பைத் தம்மிடம் மறைத்துவிட்டார்கள் என்று கூறித் தீர்வை ரத்து செய்யக் கோரினார், நீதிமன்றம் மறுத்தது.

டாட்ஜர்ஸ் தனித்த நிகழ்வல்ல. டெக்சஸ் ரேஞ்சர்ஸின் உரிமையாளர் டாம் ஹிக்ஸின் நிறுவனம் 52.5 கோடி டாலர் கடனைக் கட்டத் தவறியதால், 2010இல் அந்த அணி திவால் நீதிமன்றத்தில் ஏலம் போனது. அதே ஆண்டு உலகத் தொடருக்கும் தகுதி பெற்றது. நியூயார்க் மெட்ஸின் வில்பன் குடும்பம் பெர்னார்ட் மேடாஃபின் மோசடி நிதியில் சிக்கித் தத்தளித்தபோது, லீக் சத்தமில்லாமல் 2.5 கோடி டாலர் கடன் கொடுத்து உதவியது. பிரெட் வில்பன் சீலிக்கின் நெடுநாள் நண்பர். ஒருவருக்குக் கண்காணிப்பாளர், இன்னொருவருக்குக் கைமாற்று என்றால், ஆணையரின் அதிகாரம் எவ்வளவு விரிந்ததோ அவ்வளவுக்கு அவருடைய தனிப்பட்ட மதிப்பீட்டையும் சார்ந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

புதிய விலையின் சுமையும் ரசிகர்கள் மீதே இறங்கியது. 835 கோடி டாலர் கொடுத்த ஒளிபரப்பு நிறுவனம் அந்தப் பணத்தை மீட்க மற்ற கேபிள் நிறுவனங்களிடம் அதிகக் கட்டணம் கேட்டது, அவை மறுத்தன. 2014 தொடங்கி 2020 வரை லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் ஏராளமான வீடுகளில் டாட்ஜர்ஸ் ஆட்டங்களில் பெரும்பாலானவை தெரியவில்லை. வின் ஸ்கல்லி 2016இல் ஓய்வு பெற்றார். அவருடைய கடைசி மூன்று பருவங்களின் பெரும்பகுதியை, அவர் குரலைக் கேட்டே வளர்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் தொலைக்காட்சியில் பார்க்க முடியாமல் போனது.

வாகன நிறுத்த நிலத்தின் விஷயமும் அன்று முழுமையாகத் தீரவில்லை. விற்பனை ஒப்பந்தத்தில் 15 கோடி டாலர் அந்த நிலத்துக்கான கூட்டு முயற்சிக்கு ஒதுக்கப்பட்டது, அதில் மெக்கோர்ட் தம் பங்கை வைத்துக்கொண்டார். 2018இல் அவர் சார்ந்த நிறுவனம் ஒன்று, நகரின் யூனியன் ரயில் நிலையத்திலிருந்து டாட்ஜர் மைதானத்துக்குக் கம்பிவட ஊர்தி அமைக்கும் திட்டத்தை முன்வைத்தது. ஊர்தி வந்தால் மைதானத்தைச் சுற்றியுள்ள அந்த நிலத்தில் என்ன கட்டப்படும், அதன் ஆதாயம் யாருக்குப் போகும் என்று கேட்டு அப்பகுதி மக்களில் ஒரு சாரார் அத்திட்டத்தை எதிர்த்து வருகிறார்கள்.